பொட்டு வைத்த ரிலே

கழுகுமலை பஸ் ஸ்டாண்டில் வேதமாணிக்கம் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது கோவில்பட்டி பஸ் வந்து நின்றது. இறங்கிய கூட்டத்தில் கோபாலசாமி இருந்தான். நெற்றி நிறையச் சந்தனம், கையில் பொரிப் பொட்டலம், கண்ணில் ராத்திரி ஷிப்டின் சிவப்பு. இரண்டு பேரும் கோவில்பட்டியில் ஒரே நூல் மில்லில் எலக்ட்ரீஷியன்கள். கோபாலசாமிக்குக் கழுகுமலை சொந்த ஊர்; வேதமாணிக்கத்துக்கு மாமியார் ஊர். ஆயுத பூசை லீவுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தவன், அதே மில்லில் வேலை பார்க்கும் மனைவி எஸ்தர்ராணியை அன்று காலையில் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். பிள்ளை மாமியாரிடம் இருந்தது. தன்னுடைய மதிய ஷிப்டுக்கு இன்னும் நேரம் கிடக்கிறதே என்று சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு நிம்மதியான காலை அது.

“பூசைப் பொரி அண்ணாச்சி. ஒங்களுக்குன்னு கட்டி வச்சேன்.”

வேதமாணிக்கம் வேதக்காரன், கிறிஸ்தவன். சபையில் சில பேர் பூசைப் பொரியைக் கையால் தொட மாட்டார்கள். இவன் வருஷா வருஷம் வாங்கித் தின்பான். வாங்காவிட்டால் கோபாலசாமி முகம் வாடும். தின்றால் மாமியார் முகம் வாடும். மாமியார் இரண்டு தெரு தள்ளி இருந்ததால் வாங்கிக்கொண்டான்.

“மில்லு கேட்டுப் பக்கம் எஸ்தர் மதினியப் பாத்தேன். நான் வெளிய வாரேன், அவிய உள்ள போறாவ,” என்றான் கோபாலசாமி. “அப்புறம் ஒரு சோலிய முடிச்சிட்டேன். புளோரூம் கதவு ரிலே இருக்குல்லா, அது கொர்ருன்னு இரைஞ்சிக்கிட்டே கெடந்துச்சு. ஷிப்டு முடியுததுக்கு முன்னால மாத்திப்புட்டேன்.”

“நல்ல காரியம். எதப் போட்ட?”

“ஒங்க டிராயர்லதான் எடுத்தேன். இருபத்திநாலு வோல்ட்டு, எட்டுக் காலு, எல்லாம் சரி பாத்துத்தான் எடுத்தேன். அந்த மாதிரி ரெண்டு கெடந்துச்சு. ஒண்ணுக்கு நெத்தியில பொட்டு வச்சிருந்தீய.” கோபாலசாமி கிட்டே நெருங்கி வந்தான். “வேதக்காரரு, லீவுக்குப் போற அவசரத்துலயும் நம்ம பூசைக்காவ ஒண்ணுக்காவது பொட்டு வச்சிட்டுப் போயிருக்காவளேன்னு எனக்கு என்னமோ மாதிரி ஆயிப்போச்சு அண்ணாச்சி. அது மேல நானும் கொஞ்சம் குங்குமத்த வச்சி, சாமியக் கும்பிட்டு மாட்டிட்டேன்.”

வேதமாணிக்கம் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“ஏலே, அது செவப்புப் பெயிண்டுல்லா?”

“பெயிண்டோ குங்குமமோ, பொட்டு பொட்டுதான?”

அது பொட்டு இல்லை. அதுதான் சங்கதி. ரிலே என்பது இரண்டு தீப்பெட்டியை அடுக்கி வைத்த உயரத்துக்கு ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் கூடு. அடியில் எட்டுக் கால். பேனலுக்குள் அதற்கென்று இருக்கும் துளைகளில் செருகினால் வேலை பார்க்கும், பிடுங்கினால் கையோடு வந்துவிடும். மிஷின் கதவில் உள்ள ஸ்விட்சில் ஓடுவது தொட்டாலும் கடிக்காத சின்னக் கரண்டு. மோட்டாருக்குப் போவது ஆளைத் தூக்கி எறியும் பெரிய கரண்டு. அவை இரண்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது. நடுவில் இந்த ரிலே பருத்தித் தரகன் மாதிரி நின்று, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சொல்லும். கதவு மூடியிருக்கிறது, ஓடலாம் என்று சொல்லும். கதவைத் திறந்துவிட்டார்கள், நில் என்று சொல்லும்.

சிவப்பு வைத்த ரிலே பொய் சொல்கிற தரகன். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கும். சூடேறிவிட்டால் உள்ளே இருக்கும் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கதவைப் பிடுங்கி எறிந்தாலும் மூடியிருக்கிறது, மூடியிருக்கிறது என்றே சாதிக்கும். போன மாதம் வேதமாணிக்கம் அதைக் கண்டுபிடித்துக் கழற்றினான். தூக்கிப் போட மனசு வரவில்லை. மெட்ராஸிலிருந்து புது ரிலே வருவதற்குள் ஒருத்தி பிள்ளையே பெற்றுவிடுவாள். முனைகளை அரத்தால் ராவிப் பார்க்கலாம் என்று டிராயரில் போட்டவன், யாரும் மறந்து மாட்டிவிடக் கூடாதே என்று சிவப்புப் பெயிண்டைத் தொட்டு அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தான். சிவப்பு என்றால் ஆபத்து, ரயிலுக்கே தெரியும். ஆனால் பேனல், மீட்டர், குறடு, டெஸ்டர், ஏணி என்று மில்லே நெற்றியில் குங்குமத்தோடு நிற்கிற நாளில் சிவப்புப் புள்ளிக்கு வேறு அர்த்தம் உண்டு என்பது அந்த வேதக்கார மண்டைக்கு உறைக்கவில்லை.

வேதமாணிக்கம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கோபாலசாமியின் முகத்தில் சந்தனம் தவிர வேறு நிறமே இல்லை. “நான் கதவத் தெறந்து பாத்தேனே அண்ணாச்சி. டக்குன்னு நின்னுச்சே,” என்றான்.

“அப்பம் அது குளுந்திருக்கும். இன்னிமேதான் சூடாகும்.”

சொல்லும்போதே வேதமாணிக்கம் பஸ்ஸைப் பார்த்து நடந்தான். ஏனென்றால் அந்தக் கதவுக்குள் கை விடுகிறவள் எஸ்தர்ராணி.

புளோரூமில், பேல் எனப்படும் பொதியிலிருந்து பஞ்சைப் பிரித்துப் போட்டால், ஆணி பதித்த அகலமான பட்டை ஒன்று அதை வாரிக்கொண்டு மேலே ஏறும். பஞ்சு போய் விழும் அடுத்த பெட்டி நிறைந்துவிட்டால் பட்டை தானாக நிற்கும். பெட்டி காலியானால் யாரையும் கேட்காமல் தானாக ஓடும். பட்டைக்கு அடியில் பஞ்சு சுருண்டு சிக்கும். கதவைத் திறந்து, கையை விட்டுத்தான் பிடுங்க வேண்டும். எஸ்தர்ராணிக்கு முதலில் அந்த வேலை கொடுத்தபோது அவள் மாட்டவே மாட்டேன் என்றாள். “ஆணியப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்குது. அது நிக்குதா, தூங்குதான்னு யாரு கண்டா?” என்று அழுதாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வேதமாணிக்கம் கேலி செய்தான். மேஸ்திரி பூவனநாதனும் மற்றப் பொம்பிளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, ஓடிக்கொண்டிருந்த மிஷினின் கதவை வீராப்பாகத் திறந்தான். பட்டை நின்றது. தன் வலது கையை முழங்கை வரைக்கும் ஆணிகளுக்கு நடுவில் விட்டு, “பாத்தியாட்டி பயந்தாங்கொள்ளி? கதவு தெறந்திருந்தா அவன் அப்பன் வந்தாலும் ஓடாது. நான் மாட்டுன ரிலே!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவள் பயப்படவில்லை. அவனை நம்பினாள்.

இன்றும் அந்த நம்பிக்கையோடுதான் அவள் கையை விடுவாள்.

கோவில்பட்டிக்குத் திரும்ப வேண்டிய பஸ்ஸின் டிரைவர் இட்லி தின்னப் போயிருந்தார். வேதமாணிக்கம் போஸ்ட் ஆபீசுக்கு ஓடினான். மில்லுக்கு டிரங்க் கால் கிடைக்கும்வரை உட்காருங்கள் என்று அங்கே பெஞ்சைக் காட்டினார்கள். அவனால் உட்கார முடியவில்லை. கடைசியில் மணி அடித்து, கொரகொரவென்ற இரைச்சலுக்கு அப்பால் மில் வாட்ச்மேன் குருசாமியின் குரல் கேட்டது.

“அண்ணாச்சி, வேதமாணிக்கம் பேசுதேன். புளோரூம் மிஷின நிப்பாட்டச் சொல்லுங்க! செவப்புப் பொட்டு வச்ச ரிலேய மாட்டியிருக்கு!”

“என்னது, செவப்புப் பெட்டியா?”

“பொட்டு, பொட்டு! எஸ்தரக் கைய விடவேண்டாம்னு சொல்லுங்க!”

“பெட்டி ஒண்ணும் வரலய்யா. வந்தா வாங்கி வைக்கேன்,” என்றார் குருசாமி. அதோடு லைன் போய்விட்டது. மறுபடி கேட்டதற்கு நேரமாகும் என்றார்கள். வெளியே பஸ் ஆரன் அடித்தது. வேதமாணிக்கம் ஓடிப்போய் ஏறினான். கோபாலசாமி ஏற்கனவே உள்ளே இருந்தான். ராத்திரி பூரா கண் விழித்தவன், வீட்டுக்குப் போகாமல், இவன் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டான்.

அந்த பஸ் மாதிரி ஒரு பஸ்ஸை எதிரிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. நிழல் கண்ட இடமெல்லாம் நின்றது. ஒரு கிழவர் நாட்டுக்கோழியைக் கூடையோடு ஏற்றுவேன் என்றார், கண்டக்டர் டாப்பில் போடு என்றார், கோழி செத்துப்போகும் என்று அவர் சண்டை பிடித்தார். வேதமாணிக்கம் எழுந்து, “பெரியவரே, என் மடியில வையும், வண்டி போகட்டும்,” என்று கத்தினான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கொஞ்ச தூரத்தில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. ஆட்டுக்காரன் அவசரப்படவில்லை, ஆடும் அவசரப்படவில்லை. இரண்டு பக்கமும் கரிசல், நேற்றுப் பெய்த மழையில் கறுத்துக் கிடந்தது. விதைப்புக்கு ஏர் பூட்டியிருந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் நல்ல பதம் என்று சந்தோஷப்பட்டிருப்பான். இன்று அவன் கண்ணில் பட்டதெல்லாம் வெயில்தான். அது ஏற ஏற, தகரப் பேனலுக்குள் அந்தச் சின்னக் கூடு சூடாவது அவனுக்குத் தெரிந்தது.

ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினான். “கர்த்தாவே” என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கண்ணை மூடினால் ஆணிப்பட்டைதான் வந்தது. அவளுடைய வலது கை வந்தது. குழம்புக்குப் புளி கரைக்கிற கை, பிள்ளைக்குச் சடை பின்னுகிற கை, வேதக் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தாளம் போடுகிற கை. கண்ணைத் திறந்துகொண்டான். பக்கத்தில் கோபாலசாமி, “கழுகாசலமூர்த்தி, கழுகாசலமூர்த்தி” என்று தன் ஊர்ச் சாமியை அழைத்து முணுமுணுத்தபடியே இருந்தான். அந்தப் பெயரையும் கர்த்தர் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும் என்று வேதமாணிக்கம் விட்டுவிட்டான். யார் காப்பாற்றினால் என்ன?

“நான் பொட்டப் பாத்து எடுத்திருக்கக் கூடாது அண்ணாச்சி. பொட்டு இல்லாத நல்லது பக்கத்துலயே கெடந்துச்சு,” என்றான் கோபாலசாமி.

“நான் அந்தச் சனியன டிராயர்ல வச்சிருக்கக் கூடாது.”

வேதமாணிக்கம் கையில் இறுக்கிப் பிடித்திருந்ததில் பொட்டலம் கிழிந்து, பொரி பஸ்ஸுக்குள் சிதறிக்கொண்டு வந்தது. அந்தக் கிழவரின் கோழி கூடைக் கண்ணிக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி நீட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது.

மில் கேட்டில் குருசாமி எழுந்து நின்றார். “வாங்க அண்ணாச்சி. பெட்டி எதுவும் வரல. என்ன பெட்டி அது?”

வேதமாணிக்கம் பதில் சொல்லாமல் ஓடினான். உள்ளே ஆம்புலன்ஸ் நிற்கவில்லை, கூட்டம் கூடவில்லை. அதில் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் புளோரூமின் இரைச்சல் மட்டும் வழக்கம்போலக் கேட்டது. மிஷின்கள் ஓடுகின்றன. யாரிடமும் யாரும் எதையும் சொல்லவில்லை.

வாசலைத் தாண்டியதும் பஞ்சுத் தூசி மூக்கில் ஏறியது. விசிறிகள் எல்லாம் பேயாய் இரைந்துகொண்டிருந்தன. அந்தக் கோடியில், ஆணிப்பட்டை மிஷினுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு எஸ்தர்ராணி நின்றாள். கதவு திறந்திருந்தது. பட்டை நின்றிருந்தது. அவளுடைய வலது கை முழங்கைக்கு மேல் உள்ளே போயிருந்தது.

கூப்பிட வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். இந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்காது. கேட்டுவிட்டாலோ அதைவிட மோசம். கையை உள்ளே வைத்துக்கொண்டே, என்ன என்று திரும்பிப் பார்ப்பாள். பட்டை கதவு திறந்ததால் நிற்கிறதா, அடுத்த பெட்டி நிறைந்ததால் நிற்கிறதா? பெட்டி நிறைந்துதான் என்றால் இந்த நிமிஷம், அடுத்த நிமிஷம், பஞ்சு இறங்கி அது காலியாகும். மேஸ்திரி பூவனநாதன் எதிரில் வந்து ஏதோ கேட்டார். வேதமாணிக்கம் அவரைத் தள்ளிவிட்டுப் பேனலுக்குப் பாய்ந்தான். குங்குமம் வைத்த பெரிய கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தான்.

புளோரூம் முழுக்க அடங்கியது. விசிறிகள் மட்டும் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. பஞ்சுத் தூசி மெதுவாக எல்லோர் தலையிலும் இறங்கியது.

“ஏலே, என்னலே பண்ணுத? சாயங்காலம் மேனேஜர்ட்ட நீயா பதில் சொல்லுவ?” என்று பூவனநாதன் கத்தினார்.

எஸ்தர்ராணி கையை வெளியே எடுத்தாள். நல்ல கை. விரல் நிறையச் சுருண்ட பஞ்சு. புருஷனை அந்த நேரத்தில் அங்கே பார்த்ததும் அவள் முகம் மாறியது. “பிள்ளைக்கு என்னங்க?” என்றாள்.

“பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. நீ இங்கன வா. தள்ளி வந்து நில்லு. இன்னும் தள்ளி.”

கோபாலசாமிதான் மூச்சிரைக்க வந்து, எல்லோரையும் சுவர் ஓரமாக ஒதுக்கினான். கதவு திறந்தபடியே இருக்கட்டும் என்று வேதமாணிக்கம் சைகை செய்தான். கைப்பிடியை மேலே தள்ளிக் கரண்டைக் கொடுத்தான். விசிறிகள் எழும்பின. பட்டை அசையவில்லை. பூவனநாதன், “இதப் பாக்கவா நிப்பாட்டுன?” என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை. அடுத்த பெட்டி காலியானது.

கதவு அகலத் திறந்திருக்க, ஆணிப்பட்டை ஓடியது.

ஆணிகள் கீழேயிருந்து வந்து, சற்று முன் அவள் கை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு மேலே போயின. அவள் பாதி பிடுங்கி விட்டிருந்த பஞ்சுச் சுருள் அவற்றில் மாட்டி, இழுபட்டு, மேலே ஏறி மறைந்தது. எஸ்தர்ராணி இடது கையால் தன் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வேதமாணிக்கத்துக்கு அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு,” என்றார் பூவனநாதன். “சரி, சீக்கிரம் பாருங்கப்பா. அந்தப் பக்கம் பஞ்சில்லாம நிக்குது.”

கரண்டை நிறுத்தி, அந்த ரிலேயைப் பிடுங்கினான். சுட்டது. தலையில் சிவப்புப் புள்ளி, அதன் மேல் கோபாலசாமி வைத்த குங்குமம். குங்குமம் வியர்வையில் கரைந்து அவன் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. கோபாலசாமி அதைக் கையில் வாங்கித் தரையில் போட்டு, செருப்புக் காலால் மிதித்து நொறுக்கினான். மிதித்துவிட்டு, பொட்டு வைத்ததை மிதித்துவிட்டோமே என்று பதறிக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

டிராயரில் இருந்த பொட்டில்லாத ரிலேயை எடுத்து வந்தார்கள். வோல்ட் எழுத்தை வேதமாணிக்கம் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தான். கோபாலசாமியிடம் கொடுத்து அவனையும் வாசிக்கச் சொன்னான். கால்களை எண்ணிச் செருகினான். பட்டையை ஓடவிட்டுக் கதவைத் திறந்தார்கள், டக்கென்று நின்றது. மூடினார்கள், ஓடியது. திறந்தார்கள், நின்றது. மூடித் திறந்து, மூடித் திறந்து, பூவனநாதன் போதும்ப்பா என்று கெஞ்சும்வரை பார்த்தார்கள். பேனல் கதவை அடைத்து, அது நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்து மறுபடியும் பார்த்தார்கள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

“நல்லா இருக்கு,” என்றான் வேதமாணிக்கம். “எந்தப் பயமும் இல்ல.”

எஸ்தர்ராணி எழுந்து வந்தாள். மிஷினின் கதவைத் தானே திறந்தாள். பட்டை நின்றது. அவனை நேராகப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை.

“அன்னைக்கி மாதிரி உங்க கைய விட்டுக் காமிங்க. அப்பம் நான் விடுதேன்,” என்றாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல ரிலே. அவனே வாசித்து, அவனே மாட்டி, அவனே பார்த்தது. ஒன்றும் ஆகாது என்று அவனுக்குத் தெரியும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தான். கையை நீட்டினான். கதவு விளிம்பு வரைக்கும் போன கை அங்கேயே நின்றது.

போ என்றான் மனசுக்குள். போகவில்லை. குங்குமம் அப்பிய விரல்கள் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டன. உள்ளே ஆணிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு இழைப் பஞ்சு, விசிறிக் காற்றில் ஆடியது. எஸ்தர்ராணி தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அடுத்த பெட்டியில் பஞ்சு இறங்கிக்கொண்டே இருந்தது.